வாத்து வெளியே இருந்தால்

கரண்ட் வந்தது. கூடத்து மின்விசிறி ஒருமுறை முனகிவிட்டு வேண்டாவெறுப்பாகச் சுற்ற ஆரம்பித்தது. ஃபிரிட்ஜ் உடம்பைக் குலுக்கிக்கொண்டு விழித்தது. முந்தின நாள் சாயங்காலம் போன கரண்ட். காற்றுக்கும் மழைக்கும் பயந்து சன்னல்களை எல்லாம் அடைத்துவிட்டு, இரவு முழுக்கப் புழுக்கத்தில் புரண்டு கிடந்தவள், அடுப்படியில் நின்றபடியே "அப்பாடா" என்றாள். பால் பொங்கத் தொடங்கியிருந்தது. டீத்தூளைக் கொஞ்சம் கூடவே போட்டாள். அவருக்குத் தண்ணி டீ ஆகாது. "டீ போட்டு வை, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு அவர் அப்போதுதான் முன்வாசல் வழியாக வெளியே போயிருந்தார்.

அந்த 'அப்பாடா'வைச் சொன்ன வாயை அவள் பிறகு ரொம்ப நாள் மன்னிக்கவில்லை. ஏன் என்று விளங்க, முதலில் வாத்துகளைப் பற்றியும், அதற்கும் முன்னால் வேலியைப் பற்றியும் சொல்லவேண்டும்.

அவளுடைய கணவரை நாற்றுக்காரர் என்றால்தான் ஊரில் தெரியும். ஊர் முடிந்து பெரிய ரோடு தொடங்கும் இடத்தில் ஒரு துண்டு நிலம், நடுவில் வீடு, வீட்டைச் சுற்றிப் பூச்செடியும் பழக்கன்றும் வளரும் பைகள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளம். கறிக்கடைகளின் கழிவெல்லாம் அங்கேதான் வந்து விழும். காற்று திரும்பி அடித்தால் சோற்றில் கை வைக்க முடியாது. கழிவு சேரச் சேர நாய்களும் சேர்ந்தன. தெருவில் போகிறவனைப் பார்த்துக் குரைத்துவிட்டு ஒதுங்குகிற நாய்கள் இல்லை. தின்று கொழுத்து, சத்தமே போடாமல் திரிகிற ரகம்.

ஒருமுறை முள்கம்பி போட்டார்கள். போட்ட மாதமே கம்பி இரவோடு இரவாகக் காணாமல் போனது. "திருடனுக்கு வேலி போட்டா, வேலியையே திருடிட்டுப் போறான்" என்று சிரித்துவிட்டு, நாற்றுக்காரர் உயிர்வேலி வைக்க முடிவு செய்தார். முள்ளுள்ள செடி, நெருக்கமாக இரண்டு வரிசை, எல்லை முழுக்க. வளர்ந்துவிட்டால் பாம்புகூட யோசித்துத்தான் நுழையும் என்பார். ஆனால் வளரவேண்டுமே. கன்று முழங்கால் உயரம் இருந்தபோது சுற்றி முளைத்த புல் இடுப்புக்கு வந்துவிட்டது. கூலிக்கு வந்தவர் அரிவாளை வீசிப் புல்லோடு கன்றையும் அறுத்து வைத்துவிட்டு, "ரெண்டும் பச்சையாத்தானே இருந்துச்சு" என்றார். களைக்கொல்லி அடிக்க நாற்றுக்காரருக்கு மனம் வரவில்லை. காற்றில் கொஞ்சம் பறந்து வந்தாலும் பைகளில் இருக்கும் பிழைப்பு கருகிவிடும்.

முதலில் கோழி வாங்கி விட்டார். கோழி புல்லை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கன்றின் அடியைக் கிளறிக் கிளறி வேரை வெளியே எடுத்துப் போட்டது.

"கோழி விட்டா களை போயிடும்னு யார் சொன்னா உங்களுக்கு?"

"படிச்சேன்."

"நீங்க படிச்சீங்க, சரி. கோழி படிச்சுதா?"

அவர் சாப்பிட்டு எழுந்தார். கொஞ்ச நாளில் கோழிகள் போய், ஒரு சின்ன வேனில் வாத்துகள் வந்து இறங்கின. குளத்தில் மிதக்கிற குட்டை வாத்து இல்லை. நெடிய கழுத்தும் வெள்ளை உடம்புமாக, விற்றவன் வாயில் கூஸ் வாத்து. இறங்கினதும் இறங்காததுமாக வீட்டையே காது செவிடாக்கிவிட்டன. "மாமியாரும் நாத்தனாரும் இல்லாத குறை இன்னையோட தீந்துச்சு" என்றாள் அவள்.

ஆனால் வேலையில் அவற்றைக் குறை சொல்ல முடியாது. புல்லையும் கோரையையும் கத்தரி வைத்து வெட்டியதுபோலத் தரையோடு தின்றன. வேலிக்கன்றின் இலை கசப்பு. ஒருமுறை கடித்துப் பார்த்துவிட்டு அலகைத் துடைத்துக்கொண்டு நகர்ந்தன. காலையில் தீனி கிடையாது, பசியோடு விடவேண்டும். சாயங்காலம் திரும்பி வந்தால் ஒரு பிடி தானியம். தண்ணீர்த் தொட்டியை வரிசையின் ஒரு கோடியில் வைத்து, நிழலுக்கு ஒரு கீற்றை மறுகோடியில் கட்டிவிட்டால் போதும். குடிக்க ஒரு பக்கம், படுக்க ஒரு பக்கம் என்று நாள் முழுக்க நடந்து நடந்து நடுவில் இருக்கும் புல்லைத் தின்று தீர்க்கும். அங்கே புல் தீர்வதற்குள் தொட்டியை அடுத்த துண்டுக்கு நகர்த்திவிட வேண்டும். இல்லையென்றால் பசிக்குக் கன்றின் பட்டையை உரிக்கும். தொட்டியை எங்கே வைப்பது என்று தினமும் நடந்து பார்த்துவிட்டு வருவதுதான் அவருடைய காலை வேலை.

கூட்டத்துக்குத் தலைமை ஒரு பெரிய ஆண்வாத்து. அது அதிகம் தின்னாது. கழுத்தை நிமிர்த்திக்கொண்டு மற்றவற்றைச் சுற்றி நடக்கும், காரணமில்லாமல் கத்தும். அவள் அதற்கு மேஸ்திரி என்று பேர் வைத்தாள். அத்தனை வீறாப்புள்ள மேஸ்திரியும், இரவில் அடைக்கும் பட்டியின் வாசலைத் தாண்டும்போது மட்டும் கழுத்தைத் தாழ்த்தும். வாசல் ஓர் ஆள் நிமிர்ந்து போகிற உயரம். வாத்துக்கு அது புரியவில்லை. மேலே ஏதாவது இருக்கிறது என்று பட்டால் குனிந்துதான் போகும்.

"நிலைப்படி எவ்வளவு உசரம் இருக்கு, இது எதுக்குக் குனியுது?" என்று அவள் கேட்டாள்.

"மரியாதை. பொண்ணு பாக்க உங்க வீட்டுக்கு வந்தப்ப நானும் இப்படித்தான் குனிஞ்சு வந்தேன்."

"அதுக்கப்புறம் நிமிரவே இல்லையே."

"விட்டாத்தானே."

அந்தச் சிரிப்பு வீட்டில் நீடித்த வரைக்கும்தான் நல்ல காலம்.

முதல் வாத்து போனது ஒரு விடியற்காலையில், பட்டியைத் திறந்துவிட்ட கொஞ்ச நேரத்தில். சத்தம் கேட்டு ஓடியபோது வேலி வரிசையில் வெள்ளை இறகுகள் முள்ளில் மாட்டி ஆடிக்கொண்டிருந்தன. உடம்பு இல்லை. இழுத்துப் போன தடம் ரோட்டைத் தாண்டிப் பள்ளத்துக்குள் இறங்கியது. அடுத்த வாரம் இன்னொன்று. பிறகு பகலிலேயே வர ஆரம்பித்தன. ரோட்டின் அந்த ஓரத்தில் வரிசையாக உட்கார்ந்து, முன்னங்கால்களில் தலையை வைத்து, வாத்துகள் மேய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கும். கல்லை எறிந்தால் ஓடாது. எழுந்து, கல் விழுந்த இடத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி உட்காரும். கொடியில் துணி போடும்போது அவளுக்கு முதுகு கூசும். திரும்பிப் பார்த்தால் அவை வாத்தைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தன.

வேலி வளர்ந்துவிட்டால் நாய் நுழையாது. வேலி வளர வாத்து வேண்டும். வாத்து பிழைக்க வேலி வேண்டும். நாற்றுக்காரர் இதையே சாப்பிடும்போதும் படுக்கும்போதும் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் கடைத்தெருவிலிருந்து ஒரு சுருள் வெறுங்கம்பியோடு வந்தார்.

அவளுடைய தம்பி எலக்ட்ரீஷியன். வீடுகளுக்கு வயரிங் செய்கிறவன். அன்று சாயங்காலம் அவன் வந்து, கன்று வரிசையை ஒட்டி உள்பக்கமாக நட்டிருந்த குச்சிகளையும், முழங்கால் உயரத்தில் இழுத்துக் கட்டிய கம்பியையும், அது பின்னறைச் சுவர்வரை போகிற வழியையும் பார்த்தான். செருப்பைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டான்.

"மாமா, இதுக்குன்னு மெஷின் இருக்கு. விட்டு விட்டு உதறும், ஆளைக் கொல்லாது. நீங்க வீட்டு லைனையே நேரா குடுக்கப் போறீங்க."

"வேலி இடுப்பளவு வர்ற வரைக்கும்தான் மாப்ள. ஒரு மழைக்காலம். அதுக்கு எதுக்கு மெஷின்?"

"நான் கை வைக்க மாட்டேன். இது நாய் எது ஆள் எதுன்னு பாத்து அடிக்காது."

"உங்க அக்காகூடத்தான் ஆளைப் பாத்து அடிக்க மாட்டா. நான் குடும்பம் நடத்தலையா?"

தம்பி சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை. தம்பி போன பிறகு அவளும் அவரும் நன்றாகவே சண்டை போட்டார்கள். இரண்டு வேளை அவர் தட்டில் சோறு இருந்தது, பேச்சு இல்லை. கடைசியில் அவள்தான் இறங்கி வந்தாள், ஒரு நிபந்தனையோடு. சுவிட்ச் பின்னறையில் இருக்கும். அதை அவள் கையைத் தவிர வேறு கை தொடக்கூடாது. சாயங்காலம் வாத்துகளைப் பட்டியில் அடைத்த பிறகுதான் சுவிட்சைப் போடுவாள். காலையில் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் பட்டியைத் திறப்பாள். அதுவரை அவர் வீட்டுப்படியைவிட்டு நிலத்துக்குள் இறங்கக்கூடாது. ராத்திரி ஒருமுறை அடி பட்டால் நாய் பகலிலும் கிட்டே வராது என்று அவரும் ஒத்துக்கொண்டார்.

"கம்பில கரண்ட் இருக்கா இல்லையான்னு தூங்கி எந்திரிச்ச எனக்கு எப்படித் தெரியும்?"

"வாத்தைப் பாருங்க. வாத்து வெளியே இருந்தா கரண்ட் இல்லை."

அது அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. செடி வாங்க வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னார். "எங்க வீட்ல டெஸ்டர் கிடையாதுங்க, மேஸ்திரிதான்." காலையில் எழுந்ததும் கூடத்து சன்னலைத் திறந்து வரிசையைப் பார்ப்பார். வெள்ளையாகக் கழுத்துகள் தெரிந்தால் இறங்குவார். தெரியாவிட்டால் படியிலேயே உட்கார்ந்து பல் தேய்ப்பார். ஒரு நாளும் அவர் அதை மீறியதில்லை. அவளும் மீறியதில்லை. வாத்துகளும் பழகிக்கொண்டன. கம்பிக்கு அந்தப் பக்கம்தான் புல். மேஸ்திரி முதலில் வந்து, ஒரு கண்ணைச் சாய்த்துக் கம்பியைப் பார்த்து, கழுத்தைத் தாழ்த்தி உள்ளே போகும். மற்றவை வரிசையாக அதே இடத்தில் தாழ்த்தும்.

கம்பி வேலை செய்தது. முதல் வாரம் ஒரு பெருச்சாளி, பிறகு ஒரு பூனை. அந்தப் பூனையை அவளுக்குத் தெரியும். ரோட்டோரத்துப் பஞ்சர் கடையில் வளர்ந்தது. நாற்றுக்காரர் யாருக்கும் சொல்லாமல் புதைத்துவிட்டு வந்து கையைத் திரும்பத் திரும்பக் கழுவினார். பிறகு ஒரு காலை, கம்பியின்மேல் மடங்கிக் கிடந்தது நாய். கண் திறந்திருந்தது. அதையும் வேலியின் அடியிலேயே குழி வெட்டிப் புதைத்தார். அந்த இடத்துக் கன்றுகள் மற்றவற்றைவிடச் சீக்கிரம் தழைத்தன. அவள் அந்தப் பக்கம் போவதை விட்டுவிட்டாள்.

மற்ற நாய்கள் ஓடிப்போய்விடவில்லை. ரோட்டைத் தாண்டுவதை மட்டும் நிறுத்தின. முன்போலவே அந்த ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தன. எதற்கோ பொறுத்திருப்பதுபோல இருந்தது.

"மெஷின் வாங்கிடலாங்க" என்று அவள் மறுபடி கேட்டாள்.

"பாரு, இடுப்புக்கு வர இன்னும் கொஞ்சம்தான். இந்த மழை போதும்."

அந்த மழைதான் வந்தது. வழக்கம்போல வாத்துகளை அடைத்து, சுவிட்சைப் போட்டுவிட்டு அவள் வீட்டுக்குள் வந்த கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. அதற்காக அவள் சுவிட்சை அணைக்கவில்லை. ராத்திரியில் எப்போது வந்தாலும் கம்பி காவலுக்கு இருக்கவேண்டும், அதுதான் ஏற்பாடு. காற்று கூரைத் தகரத்தைப் பிடித்து உலுக்கிய உலுக்கில், பக்கத்தில் படுத்திருப்பவர் பேசுவதுகூடக் கேட்கவில்லை. "கன்று தாங்கும்" என்று அவர் அவள் காதுக்குள் வந்து சொன்னார். வேறு கவலை அவருக்கு இல்லை.

அந்தச் சத்தத்தில் பட்டியின் தட்டிக் கதவு பிய்ந்து விழுந்ததும் கேட்கவில்லை. வெளிச்சம் வந்ததும் வாத்துகள் பசியோடு தாமாக வெளியே வந்தன. கம்பி செத்துக் கிடந்ததால் அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. வழக்கமான இடத்தில் குனிந்து, அந்தப் பக்கம் போய், மழையில் குளித்த புல்லைத் தின்ன ஆரம்பித்தன. பட்டி இருப்பது வீட்டின் பின்னால். கூடத்து சன்னலிலிருந்து பார்த்தால் பட்டி தெரியாது, வரிசை மட்டும்தான் தெரியும். அவர் எழுந்து சன்னலைத் திறந்தார். வரிசையில் வெள்ளைக் கழுத்துகள். அடுப்படியில் பாத்திரச் சத்தம். அவள் எழுந்து, சுவிட்சை அணைத்து, வாத்துகளைத் திறந்துவிட்டு அடுப்படிக்கு வந்திருக்கிறாள் என்று அவர் எடுத்துக்கொண்டார். தினமும் நடப்பதுதானே. "டீ போட்டு வை, வந்துடறேன்" என்றார். அவள் "சரி" என்றாள். செருப்பில்லாமல் முன்வாசலில் இறங்கிப் படியில் உட்கார்ந்து பல் தேய்க்கப் போகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். அவள் இன்னும் பின்னறைக்கே போகவில்லை.

இதையெல்லாம் அவள் பிறகுதான் ஒன்றோடொன்று கோத்துப் புரிந்துகொண்டாள். அப்போது அவளுக்குத் தெரிந்தது மின்விசிறி சுற்றியது, அவ்வளவுதான்.

டீயை வடிகட்டக் கையில் எடுத்தபோது மேஸ்திரி கத்தியது. அவள் பாத்திரத்தைச் சாய்த்தபடியே நின்றாள். தினமும் கேட்கிற கத்தல்தான். ஆனால் காலையில் அது பின்பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வரவேண்டும். இப்போது முன்பக்கமிருந்து, ரோட்டுப் பக்கமிருந்து வந்தது. வாத்து வெளியே. யார் திறந்தது? அந்தக் கேள்வி முழுசாக மனசில் எழுவதற்குள் அவளுடைய கால் பின்னறைக்குப் போய்விட்டது. சுவிட்ச் சாயங்காலம் அவள் போட்டபடியே இருந்தது. அணைத்தாள். டீ எங்கே விழுந்தது என்று தெரியாது. அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

காற்றில் ஒரு குச்சி சாய்ந்து கம்பி கன்றுகளின் மேல் கிடந்திருக்கிறது. இளங்குருத்துகள் அதன் கீழே வளைந்திருந்தன. அவர் அதைத் தூக்கி, குச்சியை நிமிர்த்திக் கட்டிக்கொண்டிருந்திருக்கிறார். அந்த நேரத்தில் கரண்ட் வந்திருக்கிறது. இப்போது அவர் வரிசையின் குறுக்கே, முகம் புல்லில் புதைய, கம்பியைக் கையில் வைத்தபடி கிடந்தார். ஈரமண்ணில் அவருடைய வெறும் பாதங்கள் ஆழமாகப் பதிந்திருந்த இடத்தில் மழைத்தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. வாத்துகள் தின்பதை நிறுத்திவிட்டு, தொட்டிப் பக்கம் ஒண்டிக்கொண்டு நின்றன. ரோட்டின் அந்த ஓரத்தில் நாய்கள் உட்கார்ந்திருந்தன. அவள் போட்ட கூச்சலுக்கு ஆட்கள் ஓடிவந்த பிறகுதான் ஒவ்வொன்றாக எழுந்து போயின.

தம்பி வந்தவன் முதலில் பட்டியைப் போய்ப் பார்த்தான். விழுந்து கிடந்த தட்டியைத் தூக்கிச் சுவரில் சாய்த்து வைத்தான். பிறகு அவள் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தான்.

"கரண்ட் எப்ப வேணா திரும்பி வரும்னு மாமாவுக்குத் தெரியாதாக்கா?"

"தெரியும்."

"அப்புறம் எப்படிக்கா தொட்டாரு?"

"வாத்து வெளியே இருந்துச்சுடா" என்றாள்.

அவன் அதற்குமேல் கேட்கவில்லை. போலீஸிலிருந்து வந்து விசாரித்தவர்கள் கேட்டார்கள். கரண்ட் இல்லையென்று கவனக்குறைவாகத் தொட்டுவிட்டார் என்று எழுதிக்கொள்ளலாமா என்றார்கள். கவனக்குறைவு இல்லை, அவர் பார்த்துவிட்டுத்தான் போனார் என்று அவள் சொன்னாள். எதைப் பார்த்துவிட்டு என்று கேட்டார்கள். அவள் சொன்னாள். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, தாங்கள் எழுத நினைத்ததையே எழுதிக்கொண்டு போனார்கள்.

அன்றைக்கே தம்பி கம்பியைச் சுருட்டி எடுத்தான். குச்சிகளைப் பிடுங்கினான். பின்னறைச் சுவரிலிருந்த சுவிட்சைக் கழற்றி, ஓட்டையைச் சிமெண்ட் வைத்து அடைத்தான். காரியமெல்லாம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"வாத்துகளை வித்துடலாம்க்கா. பாக்கப் பாக்க உனக்குத்தான் கஷ்டம்."

"வித்துட்டா புல்லை யாரு திங்கறது?"

"ஆள் வெச்சு அறுத்துக்கலாம்."

"கன்னையும் சேத்து அறுத்துடுவாங்க" என்றாள்.

அவன் வாங்கி வந்து கொடுத்த மெஷினைக் கொஞ்ச காலம் பட்டியைச் சுற்றி வைத்திருந்தார்கள். பிறகு அதற்கும் தேவையில்லாமல் போனது. அந்த மழைக்கு வேலி அவர் சொன்னபடியே இடுப்புக்கு வந்தது. அடுத்த மழைக்கு ஆள் உயரம். இப்போது ரோடு தெரிவதில்லை, பள்ளம் தெரிவதில்லை. அந்தப் பக்கம் நாய்கள் இன்னும் உட்கார்ந்திருக்கின்றனவா என்று அவளால் சொல்ல முடியாது. சில சமயம் வேலிக்கு வெளியே, இலைகளுக்குக் கீழே, ஏதோ மூச்சு விடுவதுபோல இருக்கும். வாத்துகள் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கிப் பார்க்கும். அவளும் கையிலிருக்கும் தொட்டியைக் கீழே வைக்காமல் நின்று பார்ப்பாள். பிறகு அவை மேயும், அவள் தொட்டியை அடுத்த துண்டுக்கு நகர்த்துவாள்.

காலையில் அவள்தான் பட்டியைத் திறக்கிறாள். மேஸ்திரி முதலில் வருகிறது. கம்பி கட்டியிருந்த இடத்தில் இப்போது ஒன்றும் இல்லை. குச்சி நட்ட குழிகூட மூடிவிட்டது. அந்த இடத்துக்கு வந்ததும் மேஸ்திரி ஒரு கண்ணைச் சாய்த்துப் பார்த்து, கழுத்தைத் தாழ்த்திக்கொண்டு போகிறது. பின்னால் வருகிறவையும் தாழ்த்துகின்றன.